எழுதும் முன் வாசியுங்கள்: ரவுட்டர் சிப் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே வகைக் கேள்விதான் கனக்க. ரவுட்டர், சிசிரிவி பெட்டி, ரிவி பொக்ஸ் என்று வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்றின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கிற சிப்பில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது சந்தோசம். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் கூடிவருகிறார்கள். ஆனால் கடிதங்களை வாசிக்கும்போது ஒரு பயமும் வந்தது, கிட்டத்தட்ட எல்லாரும் எழுதுவதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், வாசித்து வைப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பழைய 4ஜி ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. கம்பனி போட்ட மென்பொருளில் பாதி மெனுவை மறைத்து வைத்திருக்கிறார்கள், அப்டேட்டும் வருவதில்லை. உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். எட்டுக் கால் சிப் ஒன்றில் 25கியூ128 என்று எழுதியிருக்கிறது. சிப்பை வாசித்து எழுதுகிற சிஎச்341ஏ புரோகிராமரும், அதைச் சிப்பின் கால்களோடு இணைக்கிற கிளிப்பும் ஒன்லைனில் வாங்கிவிட்டேன். இனி என்ன செய்ய?
– வாசகர், கோண்டாவில்

பதில்: முதலில் அந்த எண்ணைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். 128 என்பது மெகாபிட். எட்டால் பிரித்தால் 16 மெகாபைட். உங்கள் ரவுட்டரின் பூட்லோடர் (பெட்டியை முதலில் எழுப்புகிற நிரல்), லினக்ஸ் கேர்னல் (லினக்ஸின் மையநிரல்), வெப் பக்கம், கடவுச்சொல், வைஃபை அளவீடுகள் எல்லாம் அந்தச் சிறிய இடத்துக்குள்தான் இருக்கின்றன.

கிளிப்பை மாட்டும் முன் புரோகிராமரைப் பாருங்கள். கறுப்பு போர்ட்டில், அதாவது கறுப்புச் சுற்றுப்பலகையில், வருகிற மலிவான சிஎச்341ஏ பலவற்றில் ஒரு பிழை இருக்கிறது. சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட், ஆனால் தரவுக் கால்களில் 5 வோல்ட் வருகிறது. உங்கள் சிப் 3.3 வோல்ட்டுக்குச் செய்தது. சில நேரம் தாங்கும், சில நேரம் சிப்போடு சேர்த்து ரவுட்டரின் பிரதான சிப்பையும் கொண்டுபோய்விடும். மல்டிமீற்றரை எடுத்துத் தரவுக் கால்களை ஒருக்கா அளந்து பாருங்கள். 5 வோல்ட் காட்டினால் அந்த போர்ட்டைப் பாவிக்கவேண்டாம், அல்லது 3.3க்கு மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றுங்கள். இன்னொன்று, 1.8 வோல்ட் சிப்களும் இதே உருவத்தில் வருகின்றன. அதனால் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை வாசித்து, அந்தச் சிப்பின் தரவுத்தாளில் வோல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும்.

கிளிப்பின் சிவப்பு வயர் முதலாவது காலுக்கு. சிப்பின் மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதற்குப் பக்கத்துக் கால்தான் முதலாவது. நாலாவது கால் கிரவுண்ட், எட்டாவது மின்சாரம். திருப்பி மாட்டினால் சிப் கையைச் சுடும், உடனே கழற்றுங்கள். ரவுட்டரின் சொந்த அடப்டரை இந்த வேலை முடியும்வரை செருகவே கூடாது.

இப்போது வாசியுங்கள். லினக்ஸ் லப்டொப் இருந்தால் பிளாஷ்ரொம் என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் அது சிப்பிடம் அதன் அடையாள எண்ணைக் கேட்கும். வின்பொண்ட் கம்பனியின் இந்தச் சிப் என்றால் வழக்கமாக 40 18 என்று முடியும் எண் வரும். ஒன்றும் வராவிட்டாலோ வேறு வேறு எண் வந்தாலோ கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அல்லது நீங்கள் சிப்புக்குக் கொடுக்கிற மின்சாரம் போர்ட் முழுக்கப் பரவி, பிரதான சிப்பும் விழித்துக்கொண்டு அதே கம்பிகளில் கதைக்கத் தொடங்கியிருக்கும். அப்படியான போர்ட்டில் சிப்பைக் கழற்றித்தான் வாசிக்கவேண்டும். போன் திருத்துகிற கடையில் ஹொட் எயார் (சூடான காற்றால் சிப்பைக் கழற்றுகிற கருவி) வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இது சின்ன வேலை.

அடையாளம் சரியாக வந்தால் முழுச் சிப்பையும் ஒரு பைலாக எடுங்கள். பிறகு கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டி, இன்னொரு முறை எடுங்கள். இரண்டு பைலுக்கும், பைலின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அந்தக் கொப்பி கொப்பியே இல்லை. இரண்டும் ஒன்றாக வந்தாலும் பைலைத் திறந்து பாருங்கள். முழுக்க எஃப்எஃப் (ஒன்றும் எழுதாத வெற்று இடம் இப்படித்தான் காட்டும்) என்றோ முழுக்கப் பூச்சியம் என்றோ இருந்தால் நீங்கள் வெறுங்கம்பியைத்தான் வாசித்திருக்கிறீர்கள்.

இவ்வளவு கவனம் ஏன் என்று சொல்கிறேன். மீடியாடெக் எம்டி7621 சிப் போட்ட ரவுட்டர்களில் 16 மெகாபைட்டைப் பெரும்பாலும் இப்படிப் பிரித்திருப்பார்கள்: முதல் 192 கிலோபைட் பூட்லோடர், அடுத்த 64 கிலோபைட் பூட்லோடரின் அமைப்புகள், அதற்கடுத்த 64 கிலோபைட் ஃபக்டரி என்ற பகுதி, மிச்சம் 16,064 கிலோபைட் மென்பொருள். எல்லாரும் பயப்படுவது அந்தப் பெரிய பகுதியைப் பற்றி. அது போனால் ஒன்றுமில்லை. கம்பனியின் தளத்திலிருந்து எடுக்கலாம், ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான இலவச லினக்ஸ் மென்பொருளைப் போடலாம், அதே மாதிரி ரவுட்டர் வைத்திருக்கிறவரிடம் வாங்கலாம். ஃபக்டரி பகுதி அப்படியில்லை. தொழிற்சாலையில் உங்கள் ரவுட்டரை மேசையில் வைத்து, அதன் வைஃபை எந்தச் சனலில் எவ்வளவு சக்தியில் சரியாகப் பேசுகிறது என்று அளந்து எழுதிய எண்கள் அங்கே இருக்கின்றன. வலையமைப்பில் உங்கள் ரவுட்டரை அடையாளம் காட்டுகிற மக் முகவரியும் அங்கேதான். ஏதரோஸ் சிப் போட்ட பழைய ரவுட்டர்களில் இதே பகுதி சிப்பின் கடைசி 64 கிலோபைட்டில் இருக்கும், பெயர் ஏஆர்டி. இந்த எண்களை வேறெங்கும் எடுக்கமுடியாது, உலகத்தில் அந்த ஒரு சிப்பில் மட்டும்தான் இருக்கின்றன. அழிந்தால் ரவுட்டர் பூட் ஆகும், விளக்கு எரியும், ஆனால் வைஃபை அடுத்த அறைக்குப் போகாது, அல்லது வைஃபையே காணாமல் போகும். பிறகு கடைக்காரர் 'அன்ரெனா பழுது' என்று சொல்லுவார்.

ஆகவே சரிபார்த்த அந்தக் கொப்பியை லப்டொப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று வையுங்கள். பைல் பெயரில் ரவுட்டரின் மாடல் எண்ணையும் ஸ்டிக்கரில் இருக்கிற மக் முகவரியையும் எழுதுங்கள். இது முடிந்த பிறகுதான் மாற்றுவதைப் பற்றிக் கதைக்கலாம்.

மாற்றுவது என்று வந்தால், கனபேர் நினைக்கிற மாதிரி பைலைத் திறந்து ஒரு வரியைத் திருத்தி மூடமுடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஸ்குவாஷ்எஃப்எஸ், சுருக்கி அடைத்த, வாசிக்க மட்டுமே முடிகிற கோப்புமுறை. பைன்வோக் மென்பொருளால் அது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, முழுவதையும் பிரித்து, வேண்டியதை மாற்றி, அதே வகைச் சுருக்கத்தில் திரும்ப அடைக்கவேண்டும். இங்கே இரண்டு இடத்தில் கவனம். பிரிக்கும்போதும் அடைக்கும்போதும் லப்டொப்பில் ரூட் பயனராக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருங்கள், இல்லாவிட்டால் கோப்புகளின் உரிமையாளர் உங்கள் லப்டொப் பயனராக மாறிவிடும், ரவுட்டர் பாதிவரை பூட் ஆகி நின்றுவிடும். அடுத்தது, கேர்னலுக்கு முன்னால் யூ-பூட் என்ற பூட்லோடருக்கான தலைப்பு ஒன்று இருக்கும், 27 05 19 56 என்ற நாலு பைட்டில் தொடங்கும். அதற்குள் சரிபார்ப்பு எண் இருக்கிறது. அந்தத் தலைப்பு காக்கிற பகுதிக்குள் நீங்கள் கைவைத்தால் அந்த எண்ணையும் புதிதாகக் கணக்கிடவேண்டும். கம்பனி தன் பங்குக்கு இன்னொரு சரிபார்ப்பை மேலே போட்டிருக்கவும் கூடும்.

உங்களுக்கு மறைத்த மெனு மட்டும்தான் வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. போர்ட்டில் மூன்று அல்லது நாலு துளை வரிசையாக இருக்கும், அது சீரியல் இணைப்பு. 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் வயரில் கிரவுண்ட், அனுப்புவது, பெறுவது மூன்றை மட்டும் இணைத்து, மின்சாரக் காலை விட்டுவிட்டு, 115200 வேகத்தில் பாருங்கள். பூட் ஆகும்போது ஓடுகிற வரிகளே பாதிக் கதையைச் சொல்லும், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேர்னலே அச்சடித்துக் காட்டும். பூட்லோடரை இடையில் நிறுத்த விட்டால், ஓபன்டபிள்யூஆர்டியை முதலில் ராமில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம், சிப்பில் ஒரு பைட்டும் மாறாது. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி.

4ஜி மோடம் தனி. அதற்குச் சொந்த மென்பொருள், சொந்தச் சேமிப்பு. மொபைல் வலையமைப்பில் மோடத்தை அடையாளம் காட்டுகிற ஐஎம்இஐ எண் இருப்பது அங்கே. அதை மாற்றச் சொல்லித் தருகிற வீடியோக்கள் இருக்கின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: என்னுடைய ரவுட்டரில் 8 மெகாபைட் சிப். ஓபன்டபிள்யூஆர்டி போட்டபின் விபிஎன் போட இடமில்லை. 32 மெகாபைட் சிப்பைக் கழற்றி ஒட்டினால் சரிதானே, காலும் எட்டுத்தானே?
– வாசகர், குருநகர்

பதில்: கால் ஒன்றுதான், கணக்கு வேறு. இந்தச் சிப்களிடம் ஒரு இடத்தைக் கேட்பதற்கு மூன்று பைட் முகவரி போதும், 16 மெகாபைட் வரைக்கும். அதற்கு மேல் நாலு பைட் வேண்டும். லினக்ஸ் சிப்பை நாலு பைட் நிலைக்கு மாற்றி நன்றாகவே பாவிக்கும். ரவுட்டரை ரீபூட் பண்ணும்போதுதான் சிக்கல். பிரதான சிப்புக்குள் பதிந்திருக்கிற ஆரம்பக் கட்டளை மூன்று பைட்டில் கேட்கும், சிப் இன்னும் நாலு பைட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். கரண்டை நிற்பாட்டிப் போட்டால் வரும், ரீபூட் கொடுத்தால் வராது. சிப்பை மீளமைக்கத் தனிக் கால் இணைத்த போர்ட்களில் இந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் எட்டுக் கால் போர்ட்டில் அந்த வசதியைப் பெரும்பாலும் எதிர்பார்க்கமுடியாது. ஆகவே 16 மெகாபைட்டோடு நில்லுங்கள், அதுவே உங்களுக்கு இருமடங்கு.

எழுதும்போது பழைய சிப்பின் முழுக் கொப்பியைப் புதிய சிப்பின் தொடக்கத்தில் வைத்து, மிச்சத்தை எஃப்எஃப் போட்டு நிரப்புங்கள். ஏஆர்டி கடைசியில் இருக்கிற வகை ரவுட்டர் என்றால், அந்த 64 கிலோபைட்டைப் புதிய சிப்பின் கடைசிக்கும் கொப்பி பண்ணவேண்டும், இல்லாவிட்டால் 16 மெகாபைட்டுக்குச் செய்த மென்பொருள் அதைத் தேடிக் காணாது. மென்பொருளும் 16 என்று தெரிந்ததாக இருக்கவேண்டும். 8க்குச் செய்ததைப் போட்டால் புதிய இடம் சும்மா கிடக்கும்.

ராம் எவ்வளவு என்றும் பாருங்கள். 32 மெகாபைட் ராம் என்றால் சிப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் விபிஎன் திணறும்.

கரையோர வாசகர்களுக்கு இன்னொன்று. குருநகர், பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்து வீடுகளில் இருந்த போர்ட்களில் சிப்பின் கால்களில் பச்சை பிடித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம், உப்புக்காற்று செய்கிற வேலை. அப்படி இருந்தால் கிளிப் பிடிக்காது. ஐசோபுரொபைல் அல்ககோலில் பழைய பல்துலக்கும் பிரஷைத் தோய்த்து, கால்களின் வெளிப்பக்கமாக மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கடையின் சிசிரிவி டிவிஆர், கரண்ட் போய் வந்ததிலிருந்து லோகோவிலேயே நிற்கிறது. திருத்துகிறவர் அதே மாடல் வேறொன்றிலிருந்து எடுத்த கொப்பியை எழுதலாம் என்கிறார். விடலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: விடலாம் அக்கா, ஆனால் மூன்று விடயம் கேட்டுவிட்டு. முதலாவது, இப்போது உங்கள் சிப்பில் இருப்பதை, பழுதாக இருந்தாலும், கொப்பி எடுத்து உங்களிடம் தரச்சொல்லுங்கள். பெரும்பாலும் கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த அமைப்புப் பகுதி ஒன்றுதான் கெட்டிருக்கும், மற்றதெல்லாம் நல்லபடி இருக்கும். பூட்லோடருக்கும் கேர்னலுக்கும் ஒன்றும் ஆகாமல் அமைப்புகள் இருக்கிற பகுதி மட்டும் குழம்பியிருந்தால், அதை மட்டும் அழித்து எஃப்எஃப் ஆக்கினால், பல டிவிஆர்கள் அதைப் புதிதாக உருவாக்கிக்கொண்டு எழும்பிவிடும்.

இரண்டாவது, மாடல் பெயர் ஒன்று என்பதற்காக போர்ட் ஒன்று என்று நினைக்கக்கூடாது. வெளிப்பெட்டி ஒன்றாகவும் உள்ளே ராம் வேறாகவும் வருவது உண்டு. ராமின் வேக அமைப்பு பூட்லோடரோடு வருவதால், வேறு போர்ட்டின் பூட்லோடர் வந்தால் லோகோகூட வராது. போர்ட்டில் வெள்ளை மையில் அச்சிட்ட எண்ணையும் பதிப்பையும் இரண்டிலும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மற்றவரின் கொப்பியை முழுதாக எழுதினால் மற்றவரின் மக் முகவரி, தொடர் எண், சிலவேளை கடவுச்சொல்லும் சேர்ந்தே வரும். தொலைவிலிருந்து போனில் கமரா பார்க்கிற வசதி அந்தத் தொடர் எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. உங்கள் கடையின் கமராவை முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கோடு கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். இது எனக்கு மிகவும் கவலை தருகிற விடயம், திருத்துகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, யோசிக்காமல் செய்கிறார்கள். உங்கள் பழைய சிப்பின் கொப்பியிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துப் புதியதில் சேர்க்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். பதிவான வீடியோ ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, இந்த வேலை நடக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: ரிவி பொக்ஸில் எட்டுக் கால் சிப் எதுவும் இல்லை. சதுரமாக ஒன்று, கால்களே தெரியவில்லை. அதையும் இப்படி வாசிக்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: அது ஈஎம்எம்சி, கால்கள் அடியில் குண்டுகளாக இருக்கின்றன. உள்ளே நாண்ட் வகை நினைவகமும் அதைப் பராமரிக்கிற சின்ன மூளையும் சேர்ந்தே வருவதால், கெட்ட இடங்களை அதுவே பார்த்துக்கொள்ளும். வாசிக்கும்போது பிரதான பகுதியோடு பூட் பகுதிகள் இரண்டையும் மறக்காமல் எடுங்கள். ஆர்பிஎம்பி என்ற, சாவியால் காக்கப்படுகிற இன்னொரு பகுதி இருக்கிறது, அதன் சாவியை ஒரே ஒருமுறைதான் எழுதமுடியும், ஆகவே சிப்பையே மாற்றினால் அதைக் கொப்பி பண்ணிக்கொண்டு போகமுடியாது.

இந்த வகைச் சேமிப்பு எழுத எழுதத் தேய்கிறது. டெஸ்லாவின் பழைய மொடல் எஸ், மொடல் எக்ஸ் கார்களில் 8 கிகாபைட் ஈஎம்எம்சி இருந்தது, லினக்ஸ் ஓயாமல் பதிவுகளை எழுதி எழுதி அது தேய்ந்து திரைகள் இருண்டுபோக, 2021இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 135,000 கார்களைத் திரும்ப அழைக்கவேண்டி வந்தது. நீங்கள் மென்பொருளை மாற்றுவதாக இருந்தால் முதலில் நிறுத்தவேண்டியது இந்தப் பதிவு எழுதுகிற வேலையை. பதிவுகளை ராமுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: உள்ளே லினக்ஸ் ஓடினால் கம்பனி மூலநிரலைத் தரவேண்டும் என்று மாணவர் ஒருவர் வாதாடுகிறார். உண்மையா? நாங்கள் திறந்து மாற்றுவது சட்டப்படி பிழையா?
– ஆசிரியை, பருத்தித்துறை

பதில்: உங்கள் மாணவர் சொல்வதில் பெரும்பகுதி சரி ரீச்சர். லினக்ஸ் கேர்னல், ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. அதைப் பெட்டிக்குள் வைத்து விற்கிறவர் மூலநிரலைக் கூடவே தரவேண்டும், அல்லது கேட்டால் தருவோம் என்று ஆகக்குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுத்தில் உறுதி தரவேண்டும். பிஸிபொக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பும் அப்படித்தான், அது கிட்டத்தட்ட எல்லா ரவுட்டரிலும் இருக்கிறது. ஆனால் கம்பனி தானே எழுதிய வெப் பக்கத்துக்கோ மேகச் சேவைக்கோ இந்தக் கடமை இல்லை. இதைக் கேட்டுப் பெற்றதால்தான் இன்றைக்கு எங்களிடம் ஓபன்டபிள்யூஆர்டி இருக்கிறது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்து விடாமல் கேட்டார்கள், 2003இல் மூலநிரல் வெளிவந்தது, அடுத்த வருடமே ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயருக்குள்ளேயே அந்த ரவுட்டர் இருக்கிறது. மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், வகுப்பில் உரிமம் என்ற பாடம் இதைவிட நன்றாக விளங்காது.

ஆனால் மூலநிரல் தந்துவிட்டு, தங்கள் கையொப்பம் இல்லாத மென்பொருளைப் பெட்டி ஏற்காதபடி பூட்டுகிற கம்பனிகளும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2007இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது, லினக்ஸ் கேர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுகொண்டது.

திறப்பது பற்றி: முதலில் பெட்டி யாருடையது என்று பாருங்கள். இணையச் சேவையோடு கம்பனி தந்த ரவுட்டர் கனநேரங்களில் அவர்களின் சொத்து, இணைப்பை நிறுத்தும்போது திருப்பிக் கொடுக்கவேண்டியது. அதில் சிப்பைக் கழற்றவேண்டாம். சொந்தமாக வாங்கியதைத் திறந்தால் உத்தரவாதம் போகும், அது உங்கள் முடிவு. அடுத்தவரின் பெட்டிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வேறு விடயம், அதற்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. கொப்பி எடுத்த பைலுக்குள் கம்பனியின் பதிப்புரிமை உள்ள பகுதிகளும் உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும், ஆகவே அதைப் பேஸ்புக் குழுவில் போடாதீர்கள். பள்ளியில் செய்து காட்டுவதென்றால் பழைய, யாருக்கும் தேவைப்படாத ரவுட்டர் ஒன்றைப் பாவியுங்கள், பிள்ளைகள் ஒவ்வொருவரும் கொப்பி எடுத்துச் சரிபார்ப்பு எண் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கட்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக எழுதினேன், சரிபார்த்தும் விட்டேன், ஆனால் மாற்றிய மென்பொருளில் பூட் ஆகவில்லை. பழைய கொப்பியைத் திரும்ப எழுதினால் வேலை செய்கிறது. ஏன்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: சீரியல் வயரை மாட்டிப் பாருங்கள். கேர்னல் தொடங்கி, கோப்புமுறையைக் கண்டுபிடிக்கமுடியவில்லை என்று நின்றால், நீங்கள் அடைத்த சுருக்க வகையை அந்தக் கேர்னல் அறியவில்லை, அல்லது பைல் தன் பகுதியை மீறிப் பெருத்துவிட்டது. இரண்டும் திருத்தக்கூடியவை. கேர்னலே தொடங்காமல், கையொப்பம் பிழை என்று பூட்லோடர் சொன்னால் அது வேறு. சரிபார்க்கும் சாவியின் அடையாளம் பிரதான சிப்புக்குள்ளேயே அழிக்கமுடியாதபடி எரித்திருப்பார்கள், நீங்கள் எழுதுகிற இந்தச் சிப்பில் எதைச் செய்தாலும் அது மாறாது. அந்த ரவுட்டரைப் பழைய மென்பொருளோடு விட்டுவிடுங்கள். அடுத்ததை வாங்கும்போது ஓபன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, கடையிலேயே பெட்டியைத் திருப்பி, மாடல் எண்ணோடு அதன் பதிப்பு எண்ணும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலின் ஒரு பதிப்பு பட்டியலில் இருக்கும், அடுத்த பதிப்பு இருக்காது.